பின்னால் கூப்பிடாத மத்தியானம்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை படித்தீர்கள். ஆனபடியால் இதை வாசிக்க உங்களுக்கு ஏலும். மெல்ல வாசியுங்கள். விளங்காத இடம் வந்தால் அம்மாவிடம் போகாமல் என்னிடம் கேளுங்கள். அம்மாவுக்கும் இதில் பாதி தெரியாது.

போன மார்கழி, நத்தார் விடுமுறைக்குப் பெரியவள் கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து வந்து நின்றபோது நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. சின்னவன் சிநேகிதர்களோடு ஸ்கீக்குப் போக வெளிக்கிட்டு வாசலில் சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். பெரியவள் படியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

“டேய், ஒண்டு சொல்லுறன் கேள். ஈரப் பனி வந்தா பின்னுக்குச் சாயாத. நான் பின்னுக்குச் சாய்ஞ்சுதான் முழங்காலைக் குடுத்தனான்.”

“உனக்கு ஓடத் தெரியேல்ல அக்கா. அதுக்குப் பனியை ஏன் இழுக்கிறாய்?”

“ஓமடா, பெரிய சாம்பியன் கதைக்கிறார். போ, போ.”

இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். கேத்திலைக் கீழே வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏழு வருடமாக அவள் அதைத்தான் சொல்கிறாள். அது பிழை என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஏழு வருடமும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

எனக்கு எழுத்து வராது. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. சுற்றி வளைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

சாவர்லாண்ட் மலைப்பக்கம் நாங்கள் வந்து குடியேறியது தண்ணீர்க் குழாய்ப் பூட்டுகள் செய்யும் தொழிற்சாலை வேலைக்காக. அதற்கு முன் நான் ஒரு ரெஸ்டோரண்டின் குசினியில் நின்றவன். தொழிற்சாலையில் என்னோடு ஒரே மெஷினில் வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர்தான் ஊருக்கு மேலே, ஸ்கீக்காரரைச் சரிவில் மேலே இழுக்கும் சிறிய லிஃப்டுக்கும் பொறுப்பு. வழமையாக உதவி செய்யும் ஆள் ஒருமுறை நோயில் படுத்தபோது, “சனி, ஞாயிறு வருவாயா?” என்று என்னைக் கேட்டார். போனேன். ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்று தந்தார்கள். மேலே இழுக்கும் கம்பிகளைப் பிள்ளைகளின் கையில் பிடித்துக் கொடுப்பது, வரிசையைப் பார்ப்பது, வேலி நடுவது, பனி அள்ளுவது, இவைதான் வேலை. அன்றிலிருந்து ஒன்பது குளிர்காலம் அங்கே நின்றேன். நான் ஒருநாளும் ஸ்கீ போட்டதில்லை. ஆனால் பனியைப் படித்தேன்.

படித்த விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். புட்டுக்கு மா குழைக்கும்போது அம்மா என்ன செய்வா? ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பார்ப்பா. பொத்தினால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பனிக்கும் அதேதான். தை மாதத்துப் பனி பொத்தினாலும் நிற்காது, வறுத்த மா மாதிரி விரலுக்குள்ளால் ஓடும். நல்ல பனி புட்டுப் பதத்தில் நிற்கும். மாசி கடைசியில், பங்குனியில் வரும் பனிதான் கள்ளப் பனி. காலையில் கண்ணாடி, பதினொரு மணிக்குப் புட்டு, ஒரு மணிக்குக் கூழ். ஒரே நாளில், ஒரே சரிவில் மூன்றும் வரும். நிழல் விழுகிற இடத்தில் ஒன்று, வெயில் விழுகிற இடத்தில் ஒன்று.

லிஃப்ட் பொறுப்பாளர் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காலையில் வந்தவுடன் அவரே கேட்பார்: “சமையல்காரரே, இன்றைக்கு மா எப்படி?”

நான் வேலைக்குப் போனதால் பெரியவளுக்கு லிஃப்டில் போக இலவசம். அப்படித்தான் ஏழு வயதில் தொடங்கினாள். பத்து வயதில் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கோயில் திருவிழாவில் வைத்து ஒருவர் கேட்டார்: “அண்ணை, எங்கட சனத்துக்கு பனியில வழுக்கி விழத்தானே தெரியும். நீங்கள் பிள்ளையைப் பழக்கி வேற விடுறியள்?” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமைதான். எங்கள் பிள்ளை அந்த மலையில் ஜேர்மன் பிள்ளைகளை முந்திக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பெருமைக்கும் இதில் பங்கு உண்டு.

இனி, பின்னால் கூப்பிடுகிற கதை.

பெரியவள் முழங்காலைக் கொடுத்த அந்த வருடம் தை மாதம் ஒரு போட்டி. பெரியவள் லிஃப்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள். கையுறை ஒன்று என் கையில் இருந்தது. “பிள்ளை, நில்லு, கையுறை” என்று கூப்பிட்டேன். திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். காரில் வீடு திரும்பும்போது அம்மா தொடங்கினா.

“ஒரு நல்ல காரியத்துக்குப் போற பிள்ளையைப் பின்னால கூப்பிடுறதே? உங்கட அம்மா உங்களுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லையே?”

“கையுறை இல்லாம எப்பிடியப்பா ஓடுறது?”

“குடுக்கிறதெண்டா ஓடிப்போய் முன்னால நிண்டு குடுக்கிறது.”

சின்னவன் பின் சீற்றில் இருந்து, “அப்பா கூப்பிட்டார், அக்கா தோத்தா” என்று பாட்டு மாதிரிப் படித்தான். பெரியவள் அவனுக்கு ஒரு குட்டு வைத்தாள். பிறகு என் தோளில் கை வைத்துச் சொன்னாள்: “அப்பா, எனக்கு உதில எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனா இனிமேல் என்னைப் பின்னால கூப்பிடாதேங்கோ. சரியோ?”

“சரி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

விளையாட்டாகக் கேட்டாள். பாதிதான் விளையாட்டு என்று எனக்குத் தெரிந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, எங்கள் சகுனங்களைப் பகிடி பண்ணுகிற பிள்ளை, அதில் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பங்குனியில் கடைசிப் போட்டி. அதில் முதல் மூன்று பேருக்குள் வருகிற பிள்ளைகளை அடுத்த குளிர்காலம் மாவட்டப் பயிற்சிக்கு எடுப்பார்கள். பெரியவளுக்குப் பதினாலு வயது. அந்த மாதம் முழுக்க வீட்டில் அதைத்தான் கதைத்தாள். சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை நட்டு வைத்து, எந்தக் கம்பத்தில் எப்படித் திரும்புவது என்று சின்னவனுக்குக் காட்டுவாள்.

போட்டியில் இரண்டு ஓட்டம். இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் இடம் போடுவார்கள். காலை பத்து மணிக்கு முதல் ஓட்டம். இரவு நன்றாக உறைந்திருந்ததால் சரிவு முழுக்க ஒரே கண்ணாடி. பெரியவள் மூன்றாவதாக வந்தாள். வேலிக்கு வெளியே நின்ற அம்மா கை தட்டவில்லை. கண்ணூறு படும் என்று கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றா.

இரண்டாம் ஓட்டம் பதினொன்றரைக்கு. அதற்கு முன் உப்புப் போடுவது என் வேலை. உங்களுக்குத் தெரியும்தானே, இளகுகிற பனியில் கல்லுப்பு எறிந்தால் கொஞ்ச நேரம் இறுகும். கோழிக்கு அரிசி எறிகிற மாதிரி பாதை நீளத்துக்கும் எறிந்துகொண்டு போவேன். லிஃப்ட் பொறுப்பாளர், “உப்புக் கூடிப்போகப் போகுது, சமையல்காரரே” என்று கீழே இருந்து கத்தினார். பதினொரு மணிக்கு எறிந்து முடித்தேன். அந்த இறுக்கம் ஒரு மணித்தியாலம் நிற்கும். சூடு வந்தால் அதுவும் இல்லை. பிறகு உப்பும் தண்ணீருமாகி முதல் இருந்ததை விட மோசமாகும்.

பதினொன்றரைக்கு நேரம் பிடிக்கிற மெஷின் பழுதாகிவிட்டது. அதைத் திருத்த ஒருவர் பக்கத்து ஊரில் இருந்து வரவேண்டும். பிள்ளைகள் சொசேஜ் சாப்பிட்டார்கள். வெயில் வந்தது. ஆட்கள் ஜாக்கெட்டைக் கழற்றினார்கள். பன்னிரண்டு தாண்டத் தெற்கில் இருந்து வெதுவெதுப்பான காற்று. பிறகு வானம் மூடி மெல்லிய தூறல். மெஷின் வேலை செய்யத் தொடங்கியபோது ஒரு மணி கடந்துவிட்டது.

சரிவின் மேல் பாதி ஊசியிலை மரங்களின் நிழலில் இருந்தது. அங்கே காலையில் இருந்த ஐஸ் அப்படியே இருந்தது. மரங்கள் முடிகிற வளைவுக்குக் கீழே வெட்டவெளி. அங்கே நான் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பொத்தினேன். தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஜாக்கெட் கைக்குள் ஓடியது. கையை விரித்தால் கூழ். மேலே இருந்து ஐஸில் வேகமாக வருகிற பிள்ளை வளைவு திரும்பியவுடன் இதற்குள் விழும். ஸ்கீ நிற்கும், உடம்பு நிற்காது. எனக்குத் தெரியும். நாலு வருடம் முன்பு பெரிய ஆள் ஒருவர் அதே இடத்தில் அப்படி விழுந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கிளப் ட்ரெய்னர் மேலே போக லிஃப்டுக்கு வந்துகொண்டிருந்தான். வளைவில் இருந்து இறங்கி அவனிடம் போய் எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். வளைவுக்குக் கீழே சரியில்லை, இன்னும் உப்புப் போடவேணும். ஒரு மூட்டை லிஃப்ட் குடிசையில் மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னேன். அவன் நின்றுகூடக் கேட்கவில்லை. அந்த மூட்டை பின்னேரம் பெரியவர்களின் போட்டிக்கு, நான் போனவுடன் தொடங்குகிறோம், நீ வரிசையைப் பார், என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஒருதரம் சொன்னேன். இரண்டாந்தரம் சொல்லவில்லை. இருபது வருடமாக இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும், எந்த வேலை இடத்திலும் நான் இரண்டாந்தரம் சொல்லிப் பழகவில்லை. முதல்தரம் தலையாட்டுவார்கள் அல்லது ஆட்டமாட்டார்கள். அதோடு நாங்கள் ஒதுங்கிவிடுவோம். உங்களை நல்ல மாதிரி வளர்க்க அதுதான் வழி என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் இப்போது காறித் துப்பலாம் போல இருக்கிறது.

திரும்பி வந்து வேலிக் கம்பத்தடியில் நின்றேன். பின்னேரத்துக்கென்று வைத்த அந்த ஒரு மூட்டையை உடைத்து எறிந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. கையில் இன்னும் அந்தப் பிடி பனி இருந்தது.

அப்போது பெரியவள் வந்தாள். இனி உன்னோடுதான் கதைக்கிறேன், மகள். நெஞ்சில் இலக்கம் கட்டி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனாய். ஸ்கீத் தடியை உயர்த்தி எனக்குக் காட்டினாய். சிரித்தாய். லிஃப்டுக்கு நாலு பிள்ளைகள் உனக்கு முன்னால் நின்றார்கள்.

வாய் திறந்துவிட்டது. “பிள்ளை” என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. முன்னால் ஓடிப்போய் நின்று சொல்லலாம் என்றால் நடுவில் வேலி. கூப்பிட்டால் பின்னாலிருந்துதான் கூப்பிடவேண்டும். சத்தியம் செய்திருக்கிறேன். கூப்பிட்டு, நீ பயந்து மெல்ல ஓடி நாலாவதாக வந்தால்? அப்பா கூப்பிட்டார், அதால் போச்சு என்று சொல்வாய். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ட்ரெய்னர் மேலே நிற்கிறான், படித்தவன், அவன் பார்ப்பான். இவ்வளவையும் நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்க முன்னால் நின்ற நாலு பேரும் போய்விட்டார்கள். நீ கம்பியைப் பிடித்தாய். லிஃப்ட் உன்னை இழுத்துக்கொண்டு போனது.

மகள், எனக்கு அந்தச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது. நம்பியிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

ஒலிபெருக்கியில் உன் இலக்கம் சொன்னார்கள். மரங்களுக்குள்ளால் வெளியே வந்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கண்ணை எடுக்கவில்லை. நீ பின்னுக்குச் சாயவில்லை. இதை நீ இரண்டுதரம் வாசி. முழங்காலை மடித்து, நெஞ்சை முன்னுக்குக் கொடுத்து, மேசையில் கரண்டி வைத்து நீ காட்டின மாதிரியே வந்தாய். வளைவு திரும்பினாய். அந்த இடத்தில் ஸ்கீயை யாரோ பிடித்து நிறுத்தின மாதிரி நின்றது. உடம்பு போனது. நான் ஓடினேன். அந்தக் கூழுக்குள் என் கால் முழங்கால்வரை புதைந்தது.

நீ கத்தவில்லை. “அப்பா, நேரம் எவ்வளவு?” என்று கேட்டாய். ஓட்டத்தின் நேரத்தைத்தான் கேட்டாய்.

ட்ரெய்னர் மேலே இருந்து வர ஐந்து நிமிடம் எடுத்தது. தொடங்குகிற இடத்தில் நின்ற ஆளுக்கு மரங்களைத் தாண்டி அந்த வளைவு தெரியாது. ஆனால் வந்தவுடன் சொன்னான்: பின்னுக்குச் சாய்ந்துவிட்டாள், எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். சுற்றி நின்ற தாய் தகப்பன்மார் தலையாட்டினார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த நீயும் தலையாட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பின்னேரம் பெரியவர்களின் போட்டியை, பாதை ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அம்மா கோப்பி எடுக்கப் போன நேரம் நீ என்னிடம் கேட்டாய்.

“அப்பா, நீங்கள் பனியைப் பொத்திப் பார்க்கேல்லையே?”

“இல்லை பிள்ளை. நான் வரிசையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“அப்ப உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“அப்ப நான்தான் சாய்ஞ்சிட்டன் போல.”

“ஓம் போல” என்று சொன்னேன். அந்த இரண்டு சொல்லும் என் வாயால்தான் வந்தது.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முழங்காலுக்குள் இருந்த நார் அறுந்து ஆபரேஷன். ஒன்பது மாதம் பயிற்சி. மாவட்டத்துக்கு வேறு பிள்ளையை எடுத்தார்கள். கிளப்பில் இருந்து ஒரு அட்டை வந்தது, எல்லாரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. திருவிழாவில் பகிடி விட்ட அந்த மனிதர், “நான் அப்பவே சொன்னனான் அண்ணை” என்றார். நான் கோயில் வீதியைச் சுற்றப் போய்விட்டேன். பெரியவள் ஸ்கீயை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் படி இறங்கும்போது இடது காலை முதலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றக் காலை எடுக்கிறாள். அவளுக்கே அது தெரியாது. எனக்குத் தெரியும், ஒவ்வொருமுறையும் எண்ணுகிறேன்.

அடுத்த குளிர்காலமும் நான் லிஃப்டுக்குப் போனேன். ஏன் போனாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வர ஏலாது என்று சொல்லத் தெரியாததால் போனேன் என்றிருப்பேன். ட்ரெய்னர் கை காட்டுவான். நானும் கை காட்டுவேன். அதற்கடுத்த வருடம்தான் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன், முதுகு நோகுது என்று சொல்லி.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மன்னிக்கிறதும் விடுகிறதும் உன் பாடு. ஆனால் உன் தம்பிக்குப் பிழையான பாடம் சொல்லிக் கொடுக்காதே. நீ விழுந்தது உன் பிழையால் இல்லை. பனி கூழாக இருந்தது, உன் அப்பாவுக்குத் தெரியும், உன் அப்பா கூப்பிடவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. விழுந்ததற்கு அடுத்த நாள், நீங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, குடிசைப் பூட்டின் திறப்பைக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனேன். ஒருவரும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. லிஃப்ட் கம்பிகள் சும்மா தொங்கின. குடிசைக்குள் அந்த ஒரு மூட்டை உப்பு பிரிக்காமல் அப்படியே கிடந்தது. முந்தின நாள் நான் நின்ற வேலிக் கம்பத்தடியில் போய் நின்றேன். அங்கேயிருந்து வேலி ஓரமாகச் சுற்றி, நீ வரிசையில் நின்ற இடத்துக்கு முன்னால்வரை நடந்து எண்ணினேன். இருபத்திரண்டு காலடி. பிழையாக எண்ணிவிட்டேனோ என்று திரும்பவும் கம்பத்துக்கு வந்து இன்னொருமுறை எண்ணினேன். இருபத்திரண்டுதான்.